ஜீனோவின் தெருவில் சேரி எங்கே?

(திண்டுக்கல்லில் மாணவர்களுக்கான படப்பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த முகாமுக்கு வந்திருக்கிற தம்பி, தங்கச்சிகள் ஒரு திட்டம் வச்சிருக்காங்க. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நாமே ஒரு குறுந்தொடராக எடுத்தால் என்ன என்பதுதான் அது. நம்ம கேமரா, நம்ம ஆட்கள், நம்ம ஊர். என் கருத்தைக் கேட்டிருக்காங்க. எடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால் அந்தக் கதையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பேசியாக வேண்டும்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. 2021, 2022இல் நடப்பதாக அப்போது எழுதியது. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்களெல்லாம் இரண்டெழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடிக் கிளம்புகிற மனைவி நிலாவுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஆளே கிடையாது, வெறும் ஒளிப்பிம்பம். அந்த உண்மையை உடைத்த ரவியும் மனோவும் நிலாவை ராணியாக உட்காரவைத்துவிட்டு, பின்னாலிருந்து தாங்கள் ஆளத் தொடங்குகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் இது தொடராக வந்தது.

சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்து அய்யங்கார், பெங்களூர் பெல் நிறுவனத்துப் பொறியாளர். நம்ம பத்திரிகைகளில் அவரை ஒரே வரியில் 'பார்ப்பன எழுத்தாளர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. விடுதியில் இருந்த காலத்தில், விகடன் பக்கங்களைக் கிழித்து பைண்ட் பண்ணின ஒரு பிரதி அறை அறையாகச் சுற்றியது. அட்டை போய், முதல் அத்தியாயமும் போய், ரெண்டாவது அத்தியாயத்திலிருந்துதான் நாங்கள் படிச்சோம். அத்தனை ஆசையாகப் படித்த ஒன்றை 'நமக்கு எதிரானது' என்று மட்டும் சொன்னால் நம்ம ஆசையையே நாம் விசாரிக்காமல் விடுகிறோம் என்று அர்த்தம்.

அந்த இரண்டெழுத்துப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக்கூட வெட்டிவிட்டானே, அப்பன் பாட்டன் பெயர் போச்சே என்று வாசகர் அதிர வேண்டிய இடம் அது. விடுதியில் எங்களில் ஒருத்தன்கூட அதிரவில்லை. 'நல்லாத்தாண்டா இருக்கு' என்றுதான் பேசிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொன்னவுடனே அடுத்த கேள்வி அப்பா பெயர், அதற்கடுத்து எந்தத் தெரு. மூன்றாவது கேள்விக்குள் நம்மை எங்கே உட்காரவைப்பது என்று முடிவாகிவிடும். பெயரில் மரியாதை தொனித்தால் ஊர்க்காரனுக்குப் பொறுக்காது, கூப்பிடும்போதே அதைப் பாதியாக ஒடித்துத்தான் கூப்பிடுவான். இப்படி இருந்தவனுக்கு, எல்லாருக்கும் ஒரே அளவில் இரண்டெழுத்து, பின்னால் ஒரு எண், அவ்வளவுதான் என்கிற நாடு கொடுங்கோன்மையாகத் தெரியுமா? எழுதியவருக்குக் கெட்ட கனவு, படிச்ச எங்களுக்கு அதில் பாதி நல்ல கனவு. சர்வாதிகாரம் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒரே பக்கத்தை இரண்டு தெருவில் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

பெயர் என்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு 1997ஐ நினைத்துப் பாருங்கள். விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த நம்ம மாவட்டத்துக்கும் அண்ணா, காயிதே மில்லத் என்று பெயர்கள் வந்து போனது உண்டு. இன்றைக்கு வெறும் திண்டுக்கல். ஒரு தலித் பெயரைச் சுமக்கப் பொறுக்காமல் ஒரு மாநிலமே தன் பெயர்களை வெட்டிக்கொண்டது. இதை ஜீவா யோசித்திருக்கமாட்டான்.

சரி, தொடருக்கு வருகிறேன். அதை நான் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அம்பேத்கர் நூற்றாண்டு விழாவை ஒட்டிய காலம். வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி மந்தையில் ஒரு அறையில் இருந்தது. கொடைக்கானல் மலையைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருப்பார்கள், காற்றடித்தால் படம் ஆடும். உள்ளே ஊர்ப் பிள்ளைகள் பாயில் உட்காரும். நாங்கள் சன்னலுக்கு வெளியே நிற்போம். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, நிற்கிற இடம் எங்களுக்கே தெரியும். ஆக நான் அந்தத் தொடரைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். தலைகளுக்கு நடுவில் ஒரு துண்டுப் படம், மிச்சமெல்லாம் குரல். 2021இல் நடக்கிற கதையை 1900இல் நிற்பதுபோல நின்று கேட்டோம்.

அப்போது ஒரு விஷயம் உறைத்தது, அதைத்தான் உங்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன். கதையை எழுதுகிறவன் சிலதைச் சொல்லாமலே விடலாம். நிலா வீட்டு வாசலை யார் கூட்டுகிறார்கள், அந்த நகரத்தின் கழிவு எந்தக் குழியில் இறங்குகிறது, குழிக்குள் இறங்குவது யார் என்பதெல்லாம் பக்கத்தில் வராவிட்டாலும் கதை ஓடும். அந்தக் கதையின் முடிச்சுகள் எதிலும் சாதி கிடையாது. சர்வாதிகாரம் உண்டு, கண்காணிப்பு உண்டு, துரோகம் உண்டு. சாதி ஒழிந்ததா, ஒழித்தது யார் என்று கேட்க ஆளில்லை. ஆனால் கேமரா அப்படித் தப்ப முடியாது. தெரு என்று எழுதினால் தெரு ஒன்றைக் காட்டியாகணும். அதில் ஆட்கள் நடந்தாகணும். அவர்கள் நிறம், உடை, பேச்சு மூன்றும் வந்துவிடும். நாவல் காலியாக விட்ட இடத்தைத் திரை ஏதோ ஒரு முகத்தால் நிரப்பும். யோசிக்காமல் நிரப்பினால் என்ன முகம் வரும் என்பது தமிழ்த் திரையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கே தெரியும்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் உர்சுலா லெ குயின் 'எர்த்ஸீ' என்று மாயப்புனைவு நாவல்கள் எழுதினார். அறிவியல் புனைகதை என்று சொல்ல முடியாது, ஆனால் விஷயம் ஒன்றுதான். அதில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் வெள்ளையர் இல்லை. 2004இல் அதைக் குறுந்தொடராக எடுத்தவர்கள் நாயகனை வெள்ளையன் ஆக்கினார்கள். எழுதியவர் உயிரோடு இருந்தார், பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். அவர் எழுத்தில் தெளிவாக இருந்த நிறத்தையே வெளுத்தார்கள் என்றால், எழுத்திலேயே நிறம் சொல்லாத நிலாவை என்ன செய்வார்கள்?

இதற்கு நேர்மாறாக ஒன்றும் உண்டு. ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1979இல் 'கின்ட்ரெட்' எழுதினார். 1976இல் வாழ்கிற ஒரு கறுப்பினப் பெண் திடீர் திடீரென்று அடிமைக் காலத்துப் பண்ணைக்குள் இழுக்கப்படுகிறாள். 2022இல் அது எட்டுப் பகுதித் தொடராக வந்தது. காலத்தை 2016க்கு மாற்றினார்கள், நாயகியின் தாயையும் பழைய காலத்துக்குள் கொண்டுபோனார்கள். மாற்றுவது துரோகம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் கதையை அடுத்த பருவத்துக்கு என்று தொங்கவிட்டார்கள், அடுத்த பருவமே வரவில்லை. கையில் காசு இருக்கும் வரைக்கும் கதையை முடித்துவிடுங்கள். அந்தக் காலத் தூர்தர்ஷன் பதின்மூன்று வாரக் கணக்கு வைத்திருந்தது. நமக்கு ஆறு போதும்.

இப்போது அந்த 2021, 2022 வந்து போய்விட்டது. ஜீவா வரவில்லை. எண் வந்தது, ஆதாரில் பன்னிரண்டு இலக்கம். எண் வந்தும் சாதி போகவில்லை, விடுதியில் நாங்கள் கண்ட பாதிக் கனவு அங்கேயே செத்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அறிவியல் அங்கேயும் வந்தது. எப்படி வந்தது? அந்தச் சேரி ஆட்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடு என்று கேட்டு வந்தது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையும் தலித்துகள் மூன்று பேர் மேல்தான் போட்டார்கள். எந்த அறிவியல் கதாசிரியர் இந்த அத்தியாயத்தை எழுதினார்?

இன்னொன்று. வீட்டுக்குள் மடியில் உட்காரும் இயந்திர நாயை எண்பதுகளிலேயே கற்பனை செய்ய முடிந்தது. மலக்குழிக்குள் இறங்கும் இயந்திரம் கேரளத்து இளைஞர்கள் செய்து திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது 2018இல். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும் 2013இலும் இரண்டு முறை போட்டாச்சு. சாவு நிற்கவில்லை. தொழில்நுட்பம் முடியாததால் தாமதமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கற்பனையே அந்தக் குழிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆக, நம்ம தொடரில் என்ன மாறணும்? என் மனசில் இருப்பது நிலாதான். நம்ம நிலா சேரிப்பெண். இதற்குக் கதையை உடைக்கவே வேண்டாம், கடைசிக் கட்டம் ஏற்கெனவே நம்ம கதை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தெரியும்தானே? 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கினதிலிருந்து 2006 வரை பத்து வருஷம் தேர்தல் ஒழுங்காக நடக்கவிடவில்லை. யாரையாவது நிறுத்தி ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். மேலவளவில் அடங்காமல் தலைவராக நின்ற முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டினார்கள். இன்றைக்கும் எத்தனை பஞ்சாயத்தில் தலைவரம்மா தரையில், நாற்காலியில் வேற ஆள்? ரவியும் மனோவும் நிலாவைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு உத்தரவைத் தாங்கள் எழுதுகிறார்கள் இல்லையா, அந்தக் காட்சியை ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் எடுங்கள். ஒரு வசனம்கூடக் கூட்ட வேண்டியதில்லை.

எங்கே எடுப்பது என்று அலைய வேண்டாம். எதிர்கால நகரம் என்றால் கண்ணாடிக் கட்டடம்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? மலைக்கோட்டைக்குக் கீழே தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கு, பூட்டுப் பட்டறைகள் இருக்கு. தொட்டியில் முழங்கால் வரை நிற்கிற ஆளின் கையில் எண் பொறித்த பட்டையைக் கட்டிவிட்டாலே 2022தான்.

ஜீனோவைப் பற்றி உங்களுக்குள்ளேயே சண்டை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு கட்சி, ஜீனோ வட்டார வழக்கில் பேசணும் என்கிறது. இன்னொரு கட்சி, புத்தகத்தில் பேசுகிற அதே நறுக்கான தமிழ்தான் வேண்டும் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. திருத்தமான தமிழில் பேசும் இயந்திரத்துக்கும் நம்ம பேச்சில் பதில் சொல்லும் நிலாவுக்கும் நடுவில்தான் நகைச்சுவையும் இருக்கு, அரசியலும் இருக்கு. முதல் பகுதியில் நிலாவைத் திருத்துகிற ஜீனோ ஆறாவது பகுதியில் அவளைக் கேட்டுப் பேசணும். இது என் யோசனை, நீங்கள் மறுக்கலாம்.

ஒரு நடைமுறை விஷயம். சுஜாதா 2008 பிப்ரவரியில் இறந்தார். காப்புரிமை ஆசிரியர் இறந்தபின் அறுபது வருஷம், அதாவது 2068 முடியும்வரை. உரிமையாளர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்கணும். கேட்கிற கடிதத்தில் நிலா யார் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் இந்த வாதங்களை வைத்து நாமே புதிய கதை எழுதுவோம், இரண்டெழுத்துப் பெயர்களைக்கூடக் கடன் வாங்க வேண்டாம்.

கடிதத்தின் வரைவை யார் எழுதுகிறீர்கள்? கை தூக்குங்க. அதற்கப்புறம் கேள்விகளுக்குப் போகலாம்.