பரீட்சை யாருக்கு?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் செய்த சொற்பொழிவு)



உங்கள் மாடு தீனி எடுக்காவிட்டால் என்ன செய்கிறீர்கள்? தொட்டுப் பார்க்கிறீர்கள், சாணத்தைப் பார்க்கிறீர்கள், நேற்று எங்கே மேய்ந்தது என்று விசாரிக்கிறீர்கள். ஆனால் வீட்டில் ஒரு பெண் நாலு நாள் தூங்காமல் தனக்குத்தானே பேசினால், ஒரு கேள்வியும் கேட்காமல் பேய் பிடித்ததென்று தீர்த்து விடுகிறோம். மாட்டுக்குக் காட்டுகிற புத்தியை மனுஷிக்குக் காட்ட வேண்டாமா?

பேயோட்டியும் பரீட்சை செய்வதாகத்தான் சொல்லிக் கொள்ளுகிறான். அந்தப் பரீட்சையின் யோக்கியதையைப் பாருங்கள். வேப்பிலையால் அடிக்கிறான். அவள் கத்தினால் பேய் கத்துகிறது என்கிறான். கத்தாவிட்டால் அழுத்தமான பேய் என்கிறான். குணமானால் பேய் ஓடிற்று. குணமாகாவிட்டால் பெரிய பேய், இன்னும் இரண்டு கோழி கொண்டுவா என்கிறான். எந்தப் பதில் வந்தாலும் பேயே ஜெயிக்குமானால் அதற்குப் பரீட்சை என்று பெயரா? "நீ நினைத்த வியாதி இதில்லை" என்று சொல்லக் கூடியதுதான் பரீட்சை.

மனோ வைத்தியர் செய்வது என்ன? முதலில் உடம்பைப் பார்க்கிறார். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் மனம் சோர்ந்து போகும். கடுங்காய்ச்சலிலும் பிதற்றல் வரும். வருஷக்கணக்காய்க் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணில் படலாம். அவனைப் பூசாரி முன் உட்கார வைத்தால் உயிரே போகக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு கேள்விகள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, வேலை செய்ய முடிகிறதா என்று நோயாளியையும் வீட்டாரையும் தனித்தனியே விசாரிக்கிறார். மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் இன்னும் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று அர்த்தமே தவிர, அந்த மார்க்கே தீர்ப்பு அல்ல.

ஆனால் தோழர்களே, வேப்பிலையை விட்டுவிட்டு டாக்டரின் காகிதத்தைச் சாமியாக்கி விடாதீர்கள்! 1975-ல் அமெரிக்காவில் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு பரீட்சை உண்டாக்கினார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று அதில் கேட்பார்கள். பள்ளிக்கூடமே பாராத நம் மலைப் பாட்டி இதில் தோற்பாள். ஆனால் சாமை எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று கேட்டால் தவறாமல் சொல்லுவாள். தோற்றது பாட்டியா, பரீட்சையா? இதை உணர்ந்துதான் அரியானாவில் பல்லப்கரில் எழுத்தறியாத முதியோருக்கென்று அந்தப் பரீட்சையையே மாற்றி, 1995-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1955-ல் பாட்டியா என்பவர், படித்த பையனுக்கும் படிக்காத பையனுக்கும் பொதுவாக, கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது முதலான ஐந்து சோதனைகளை வகுத்தார். ஆகவே ஆளுக்கும் பாஷைக்கும் பொருந்தாத பரீட்சையை வைத்து மலைவாசியை மந்தபுத்தி என்பவன், படித்த பேயோட்டியே ஆவான்.

விசாரியாமல் முத்திரை குத்தினால் என்ன ஆகும்? இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்தச் சங்கிலி எந்த வியாதிக்கு மருந்து?

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அத்துடன் மிக முக்கியமான இன்னொன்றும் சொல்லுகிறது. மனநோய் உண்டா என்பதை ஒப்புக்கொள்ளப்பட்ட வைத்திய முறைப்படியே நிர்ணயிக்க வேண்டுமாம். ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரைப் பைத்தியம் எனக் கூடாதாம். அதாவது, பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிற பெண் பைத்தியமல்ல. கோயிலுக்கு வரமாட்டேன் என்பவனும் பைத்தியமல்ல.

இதே மலையில் காவலூரில், 2.34 மீட்டர் தூரதர்சினிக் கண்ணாடி வைத்து, கண்ணுக்கெட்டாத நட்சத்திரங்களை அளந்து பார்க்கிறார்கள். பக்கத்திலிருக்கும் மனிதன் மனத்தை மட்டும் அளக்காமல், கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? வேலூர் பாகாயத்தில் 1957 முதல் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணுக்குச் செலவில்லாமல் டெலிபோன் செய்து ஆலோசனை கேட்கலாம். அங்கே சொல்லுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். என்ன வியாதி, எப்படித் தெரிந்தது, மருந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவன் வைத்தியனானாலும் பூசாரியானாலும் ஒன்றுதான் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.