தரங்கம்பாடிக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள்

சிதம்பரத்திலிருந்து காரைக்கால் போகும் பேருந்து திருக்கடையூரில் பாதி காலியாகிவிடும். அபிராமியைத் தரிசிக்க வந்தவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். இன்னும் சில கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. அங்கேயும் இறங்குங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கடைத்தெருவிலிருந்து கடலை நோக்கி நடந்தால் வெள்ளையடித்த ஒரு நகர வாயில் குறுக்கே நிற்கும். 1792இல் கட்டியது. அதற்குள் நுழைந்ததும் ஆட்டோ இரைச்சல் அடங்கிவிடும். நேராக ஓடும் கிங்ஸ் தெருவின் இருபுறமும் கனத்த தூண்கள், ஆழமான தாழ்வாரங்கள், ஆள் உயரத்துக்கும் மேலான சன்னல்கள். தெரு முடிகிற இடத்தில் கோட்டை, அதற்கப்பால் கடல்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை அது. மிளகுதான் அவர்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. கீழ்த்தளத்து அறைகளைப் பார்த்தாலே புரியும்: சரக்கு வைக்கவும் சமைக்கவும் கட்டிய தடித்த வளைவுக் கூடங்கள். அதிகாரிகளின் குடியிருப்பெல்லாம் மாடியில். பீரங்கிகள் இருக்கின்றன, ஆனாலும் எனக்கு இது ஒரு வணிகனின் கிடங்காகத்தான் படுகிறது.

கிங்ஸ் தெரு எப்படி இடிபடாமல் தப்பியது? 1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியிருப்புகளைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. சென்னையும் நாகப்பட்டினமும் கையில் இருந்தவர்களுக்குத் தரங்கம்பாடித் துறை எதற்கு? ரயில் முதலில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் கூடவே போய்விட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணம் புழங்கவில்லை. நலிவுதான் இந்தத் தெருவைக் காத்தது. அந்த நலிவில் பிழைப்பைத் தொலைத்த குடும்பங்களையும் நினைத்துக்கொண்டுதான் இங்கே நடக்க வேண்டும்.

தமிழ் படிக்கிற எவரும் நின்று பார்க்க வேண்டிய இடம், அதே தெருவில் உள்ள புதிய எருசலேம் ஆலயம். 1718இல் எழுந்தது. அதைக் கட்டிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706இல் இங்கே வந்து இறங்கியவர். பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அகரம் பழகினார். பிறகு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகத் தொடங்கியது இந்த ஊரில்தான். அவரை அடக்கம் செய்திருப்பதும் இந்த ஆலயத்துக்குள்ளேயே.

கோட்டையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது மாசிலாமணிநாதர் கோயிலை. டென்மார்க்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்க அலைக்கு எதிரே பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம், இது போதுமா என்ற கவலை வருகிறது.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் அந்தக் கரையில் ஒதுங்க நிழல் குறைவு. முதலில் கோயில், பிறகு கோட்டை, அதன்பின் தெரு என்று நடந்தால் காலவரிசையும் சரியாக வரும்.