அழகு மரத்தின் உயிர் பட்டையில்

குளிர்நாடுகளில் அழகு மரம் வாங்குவோர், அது எவ்வளவு உறைபனியைத் தாங்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். பனிக்காலப் பகல் வெயிலில் சூடேறிய அடிமரம் இரவில் சட்டென்று உறையும்போது பட்டை வெடித்துவிடும். அதனால் இளமரங்களுக்குத் துணியோ காகிதமோ சுற்றி வைப்பார்கள்.

நம் பேராக்கில் உறைபனி இல்லை. நாம் கேட்க வேண்டியவை வேறு: இடம் எவ்வளவு? வேர் எங்கே போகும்?

தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பாருங்கள். ஈயம் எடுத்த நிலத்தில் 1880ஆம் ஆண்டு உருவான பூங்கா அது. அங்குள்ள தூங்குமூஞ்சி மரங்கள் வெப்ப அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த இனம். ஏரிக்கரையில் இடமிருப்பதால் குடைபோல் விரிந்து நிற்கின்றன. அதே மரத்தைத் தாமான் வீட்டு வாசலில் நட்டால் வேர் கால்வாயைப் பெயர்த்துவிடும். ஈப்போ நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரமும் வீட்டுக்கு ஏற்றதன்று. அதன் பால் நஞ்சு. பூர்வகுடியினர் அதை ஊதுகுழல் அம்புகளில் தடவினர். கோயில் முன்புறத்திற்கு மகிழ மரம் நன்று. மெதுவாக வளரும், நிழலும் மணமும் தரும். சிறிய முற்றத்திற்குப் பவளமல்லி போதும்.

நட்ட மரத்திற்கு இங்கே பெரும் பகை எது? புல்வெட்டும் இயந்திரம்! அதன் நைலான் கயிறு அடிமரத்தை ஒவ்வொரு முறையும் சுரண்டுகிறது. இலை சமைக்கும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் அறுபட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் சிறிது காலத்தில் பட்டுப்போகும்.

ஆகவே, அடிமரத்தைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லைக் கையால் களைவோம். அங்கே சருகை மூன்று அங்குலம் பரப்புவோம். ஆனால் சருகு பட்டையைத் தொடக்கூடாது. முட்டுக்கம்பில் கட்டக் கம்பி வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிடுவோம்.

இது நமக்குப் புதிய பாடமன்று. கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்று நட்ட மாநிலம் இது. பால்வெட்டும் கத்தி கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை மேடுபள்ளமாகி, மறுவெட்டுக்கு உதவாது என்பதைத் தோட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தக் கைப்பழக்கம் மட்டும் முதியோரிடம் இருக்கிறது. மரம் நடப் புறப்படும் இளைஞர்களே, அக்கம்பக்கத்தில் பால்வெட்டிய பாட்டி ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள்.