வரைபடங்களும் நம் இடப்பெயர்களும்



தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவை நம்மில் பலர் அறிவோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய கட்டடம் அது. அன்று அதன் எதிரே கடல் இருந்தது. இன்று அங்கு நின்று நோக்கினால் வானளாவிய கட்டடங்களே தெரிகின்றன. கடல் எங்கே போயிற்று? பழைய வரைபடம் ஒன்றை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின் அகலத்தை ஒரு மாணவர் தாமே அளந்தறியலாம்.

இவ்வாறு பொருத்திப் பார்க்க உதவுவது இன்று பல்கலைக்கழக நூலகங்களின் பணிகளுள் ஒன்றாகியுள்ளது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய சிங்கப்பூர் வரைபடங்களை மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. பணியின் முறை எளிது. முதலில் தாளை நுண்ணிய படமாக எடுக்கிறோம். பின்னர், அன்றும் இன்றும் இடம் மாறாத சில புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1835இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் போன்றவை அதற்கு ஏற்றவை. அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொடுத்தால், கணினி பழைய படத்தை இன்றைய நிலத்தோடு இணைத்துவிடும். கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பள்ளி மாணவர்களும் இதனைச் செய்யலாம்.

எனினும், ஒரு வரைபடம் எதற்காக வரையப்பட்டது என்பதை அறியாமல் அதனை நம்பலாகாது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த திட்டத்தையொட்டி லெஃப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரப்படத்தில், ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக் கம்பம் குறிக்கப்பட்டுள்ளது. அது நகரம் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் திட்டமேயன்றி, இருந்த நகரத்தின் பதிவு அன்று. கோல்மன் நிலத்தை அளந்து தந்த விவரங்களைக் கொண்டு 1836இல் கல்கத்தாவில் அச்சான படமோ வேறு வகையினது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் வரலாறு பிழையாகும். யார், எப்போது, எதற்காக, எந்த அளவுவிகிதத்தில் வரைந்தார் என்னும் விவரக்குறிப்பை நூலகர் ஒவ்வொரு படத்துடனும் சேர்ப்பதன் காரணம் இதுவே.

இன்றைய மின்வரைபடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் நில ஆணையம் 2010இல் தொடங்கிய ஒன்மேப் போன்ற சேவைகள் நமக்குப் பேருதவி புரிகின்றன. ஆனால், மின்வரைபடம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. நேற்றிருந்த கட்டடம் இன்று இடிக்கப்பட்டால், நாளை அது படத்திலும் இராது. தாளில் அச்சிட்ட படம் பழையதாகும், ஆனால் அழியாது. ஆகவே, குறிப்பிட்ட கால இடைவெளியில் மின்தரவின் படியை எடுத்துச் சேமித்து வைப்பது நூலகத்தின் கடமையாகிறது.

இவை அனைத்திலும் தமிழர்களாகிய நம் பங்கு யாது? சிராங்கூன் சாலை வட்டாரத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால் வந்த பெயர் அது. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அவை இன்றில்லை. இத்தகைய பெயர்களுட் பல முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்களோடு அவையும் மறையும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளட்டும். தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் வழங்கிய பெயரையும் அது சுட்டும் இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். சொன்னவர் எந்த ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தார் என்பதையும் எழுதுங்கள். அவரது இசைவைப் பெற மறவாதீர்கள். இருவர் இரு வேறு இடங்களைச் சொன்னால், ஒன்றை நீக்காமல் இரண்டையும் பதியுங்கள். விவரக்குறிப்பு இல்லாத புள்ளி வெறும் செவிவழிச் செய்தி; விவரக்குறிப்போடு கூடிய புள்ளி சான்று. சான்றாகத் தந்தால் அதனை ஏற்றுக் காப்பது நூலகத்துக்கு எளிது.

கடலைத் தூர்த்த இடத்தில் பழைய கரையை மீண்டும் காட்ட வரைபடத்தால் முடிகிறது. ஆனால் எவரும் எழுதி வைக்காத பெயரை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. அதனை எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.