வெளிநாட்டுக் கடையில் 2,000 ரூபாய்க்கு வாங்கினால்...



அந்தியூர் சந்தையில வெத்தலைக் கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி நிக்கிற நாம, ஆரி வேலைக்கு மணியும் ஊசியும் வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கும்போது மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

டாலர் விலை நம்ம காசுக்கு 2,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பல வங்கி அட்டைகளில் நாணய மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம். அது 70 ரூபாய். அந்த 70-க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 12 ரூபாய் 60 காசு. ஆக 82 ரூபாய் 60 காசு! சில குழுக்களில் ஒரு மாதச் சேமிப்பே அவ்வளவுதானே?

இன்னொண்ணு. "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று சில கடைகளில் கேட்கும். நம்ம காசுதானேன்னு அமுக்கிடாதீங்க. அந்த மாற்று விலையை வைப்பது கடைக்காரர் தரப்பு. பெரும்பாலும் அதில்தான் நஷ்டம் அதிகம். அதுக்கும் தனியாக 1 சதவீதம் பிடிக்கிற வங்கிகளும் உண்டு. டாலரிலேயே கட்டுவது மேல்.

2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புது அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். நாம கேட்டால்தான் திறப்பார்கள். திறக்கப் போகும்போதே கட்டணம் எத்தனைன்னு கிளையில் கேட்டுக்குங்க. வாங்கி முடிச்சதும் மூடிடுங்க.

நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் இந்தச் சதவீதம் குறையாது. அனுப்பும் செலவு வேணும்னா மிச்சமாகும்.