கணினிக்குள் ஒரு விருந்தினர்



ஒரு கணினியில் ஒரு சமயத்தில் ஓர் இயங்குதளமே ஆட்சி புரியும் என்பது பொதுவான எண்ணம். நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை யாவும் அதன் ஆணைக்கு உட்பட்டவை. ஏனைய நிரல்கள் அதனிடம் கேட்டே எதனையும் பெறுதல் வேண்டும். அவ்வாறிருக்க, அதன் ஆட்சிக்குள்ளேயே, ஒரு சாளரத்துக்குள், வேறோர் இயங்குதளமும் தன்னை முழுப் பொறிக்கும் தலைவனாக எண்ணிக்கொண்டு இயங்குதல் கூடுமா? கூடும். பழைய வீட்டுக் கணினியிலும் கூடும். அதனைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையத்தார் 1960களிலேயே இதனைச் செய்து காட்டினர். அக்காலத்துக் கணினி ஓர் அறையை நிறைக்கும். ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டாக வேண்டும். ஆளுக்கொரு முழுக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தை, மேற்பார்வை நிரல் ஒன்றினால் அவர்கள் உண்டாக்கினார்கள். 1972இல் வி.எம்./370 என்னும் பெயருடன் அது வெளிவந்தது.

அது நடைபெறும் முறை எளிது. உள்ளே இருக்கும் இயங்குதளம் இடுகின்ற சாதாரண ஆணைகளை மையச் செயலகம் நேராகவே நிறைவேற்றிவிடும். பொறியையே கட்டுப்படுத்தும் ஆணை ஒன்று வருமாயின், செயலகம் அதனைத் தடுத்து மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்கும். அந்நிரலோ, கேட்டது நடந்துவிட்டது போன்ற விளைவைக் காட்டி அனுப்பிவிடும்.

நம் வீடுகளுக்கு வந்த இன்டெல் வகைச் செயலகங்களில் இதற்கு ஓர் இடையூறு இருந்தது. சில ஆணைகள், உரிமையற்ற நிலையில் இடப்பட்டபோது, தடைபட்டு நிற்கவில்லை. ஓசையின்றி வேறொரு விளைவைத் தந்துவிட்டு நகர்ந்தன. பென்டியம் செயலகத்தில் அத்தகைய ஆணைகள் 17 என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1999இல் வெளிவந்த வி.எம்.வேர் நிரல், தொல்லை தரும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே மொழிபெயர்த்து இவ்விடரைத் தாண்டியது. பின்னர் 2005இல் இன்டெல் நிறுவனமும், 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் செயலகத்திலேயே இதற்கு உதவி அமைத்தன.

என் வீட்டுக் கணினி 2008இல் வாங்கியது; நினைவகம் 2 ஜிகாபைட். அதில் 64 பிட் லினக்ஸ் இயங்குகிறது. நண்பர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய நாட்டுப்புறப் பாடல்களை 1996இல் தட்டெழுதி வைத்திருந்தார். தாளில் இருந்த படிகள் செல்லரித்துப் போயின. எஞ்சிய கோப்புகளோ, விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல் ஒன்றுக்கு மட்டுமே விளங்குபவை. 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்.பி. ஏற்கும். பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. மீண்டும் சென்று கேட்டு எழுதவும் வழியில்லை.

ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் நிரலைக் கொண்டு எக்ஸ்.பி.யை உள்ளே குடியேற்றினேன். ஆங்கிலத்தார் வெளித் தளத்தை விருந்தளிப்பவர் என்றும், உள் தளத்தை விருந்தினர் என்றும் வழங்குவர். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். இங்கோ விருந்தினரே பழையவர்! 2019இல் வெளியான பதிப்பு முதல், செயலகத்தின் உதவி இன்றி விர்ச்சுவல்பாக்ஸ் இயங்காது. என் கணினியில் அவ்வுதவி இருந்தும், தொடக்க அமைப்புப் பக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய கணினி வைத்திருப்போர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. உதவி அறவே இல்லாத செயலகமாயின், பெப்ரீஸ் பெல்லார்ட் படைத்த கெமு என்னும் நிரலை நாடலாம். அது ஒவ்வோர் ஆணையையும் மொழிபெயர்ப்பதால் மெல்லவே நடக்கும்.

நினைவகப் பங்கீட்டில் தாராளம் ஆகாது. விருந்தினருக்கு மிகுதியாகக் கொடுத்தால் வீட்டுக்காரர் பட்டினி. வன்தட்டு ஓயாது சுழலும், இரண்டும் திணறும். எக்ஸ்.பி.க்கு 128 மெகாபைட்டே போதுமென்பது அதனை ஆக்கியோர் கூற்று. நான் 512 கொடுத்தேன். 2014 ஏப்ரலுடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டமையால், இணையத் தொடர்பை அதற்கு அளிக்கவில்லை.

நிரல் திறந்தது, பாடல்கள் திரையில் தெரிந்தன. ஆயினும் வேலை முடியவில்லை. அக்காலத்து எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ ககரம் முன்னும், உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். எழுத்துக்கு எழுத்து அட்டவணை அமைத்து, வரிசையையும் மாற்றினாலன்றிப் பாடல் பாடலாக வெளிவராது.

தாலாட்டும் நடவுப் பாட்டும் இவ்வாறு மாற்றப்பட்டுவிட்டன. நண்பர் அவற்றைத் தம் நினைவுடன் ஒப்பிட்டுத் திருத்தி வருகிறார். ஒப்பாரிப் பாடல்கள் மட்டும் இன்னும் அந்தச் சாளரத்துக்குள் இருக்கின்றன.