சமுத்திரக் கரையில் மணியோடு

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், ஓய்வுபெற்ற ஊழியத் தம்பதியர் ஆற்றிய உரை)



அன்றாட வாழ்வில் நன்றியறிதல் என்ற பொருளில் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய பொருளில் பேசுவதற்கு நாங்கள் போதகர்கள் அல்ல. எங்களில் ஒருவர் வார்டிலும் மற்றவர் லேபிலும் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அதற்கு வெளியே எங்களுக்குத் தெரிந்தது இரண்டே காரியம்: காலையில் நடப்பது, நாய் வளர்ப்பது. அதைப் பற்றியே பேசுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் இருந்த நாட்களில் தேவனாம்பட்டினம் கடற்கரைதான் எங்கள் நடைபாதை. ராஜா என்று ஒரு செவலை நாய். கரையில் இறங்கியவுடன் நண்டுகளைத் துரத்துவான். ஒன்றையாவது பிடித்ததில்லை, ஆனாலும் ஒரு நாளும் மனம் சோர்ந்ததில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் எங்களைப் பார்த்ததும் "ராஜா வந்தாச்சு" என்பார்கள். மீன் தரம் பிரிக்கும் ஓர் அம்மா அவனுக்கென்று இரண்டு நெத்திலியை ஒதுக்கி வைத்திருப்பார். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி வரும். அந்த இடத்தில் நன்றி சொல்லுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது தானாகவே வாயில் வந்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போக வேண்டியிருந்ததால் நாங்கள் விடியுமுன்பே நடந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அதன்பின் காலையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தேவனாம்பட்டினம் கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. வேலைக்குப் போன நாங்கள் மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தோம். நெத்திலி கொடுத்த அம்மாவை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் பெயரை நாங்கள் ஒரு நாளும் கேட்டிருக்கவில்லை.

"நீங்கள் தப்பினீர்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று பலர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். எங்களுக்கு வாய் வரவில்லை. அதே நாளில் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள சின்னக்காலாப்பட்டில் செல்வகுமார் என்ற நாய், அலைக்குப் பயந்து குடிசைக்குள் ஓடிய ஏழு வயதுப் பையனைப் பற்களால் பிடித்து இழுத்தும் முட்டித் தள்ளியும் மேட்டுக்குக் கொண்டுசேர்த்தது என்று பத்திரிகைகளில் வந்தது. அதை வாசித்தபோது ஒருவர் அழுதோம், மற்றவர் எழுந்து வெளியே போய்விட்டோம். யார் எது செய்தார் என்பது இப்போது நினைவில்லை. ராஜா மட்டும் பல மாதம் தினமும் காலையில் கிழக்குப் பக்கம் இழுத்தான். நாங்கள் அவனை மேற்குப் பக்கம் இழுத்தோம்.

ராஜா இறந்தபின், ஓய்வும் வந்தபின், மகள் வேலை பார்க்கிற திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தோம். பெட்டி சட்டிகளை இறக்கிய அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர், "கடலூர்க்காரங்களா? இங்கேயும் சமுத்திரம் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தோம். புதுச்சேரிக் கடற்கரை 100 கிலோமீட்டருக்கு அப்பால் அல்லவா இருக்கிறது! ஆனால் அவர் சொன்னது உண்மை. மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய ஏரிக்குச் சமுத்திரம் ஏரி என்றே பெயர். கடலைக் கண்டறியாத ஓர் அரண்மனைப் பெண்ணுக்குக் கடல் என்றால் எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக வெட்டிய ஏரி என்று ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். நல்ல மழை பெய்த வருஷங்களில் நிரம்பித் தளும்பும். மற்ற வருஷங்களில் ஆடு மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நாங்கள் முதலில் போனபோது அது இரண்டாம் வகை வருஷம். ஒரு துளித் தண்ணீர் இல்லாத சமுத்திரத்தின் கரையில் நின்று இருவரும் சிரித்தோம். பல நாளைக்குப் பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

மணி வந்தது அப்போதுதான். நாங்கள் வாங்கவில்லை. டீக்கடை வாசலில் கிடந்த குட்டி, ஒரு பொரைக்காக எங்கள் பின்னால் நடந்து வந்தது. வீட்டு வாசல் வரை வந்தது, பிறகு வாசலைத் தாண்டியும் வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது கறுப்பு.

இந்த ஊரில் நாயோடு நடப்பது புதிய காரியம் அல்ல. மலைமேல் வாழ்ந்த ரமண மகரிஷியைப் பற்றி (1879–1950) எங்களுக்குப் பழக்கமான ஆசிரமத்துப் பெரியவர் ஒருவர் நிறையச் சொல்லியிருக்கிறார். அவருடைய வழி வேறு, நம்முடைய வழி வேறு. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் நாய்களை 'அது' என்று சொல்லுவதில்லையாம், அவன், அவள் என்றுதான் சொல்லுவாராம். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால் நாய்களைக் கேட்கிறார் என்று அர்த்தமாம். கமலா என்று ஒரு பெண் நாய் இருந்தது. புதிதாக வந்தவரை மலைப்பக்கம் அழைத்துப்போய்க் காட்டச் சொன்னால், தீர்த்தம், கோயில் ஒவ்வொன்றாகக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். ஜாக்கி என்ற நாய்க்கு ஆசிரமத்துக்குள் சமாதியே இருக்கிறது, நாங்களே பார்த்தோம். இதையெல்லாம் கேட்டபின் நாங்களும் மணியை 'அவன்' என்றே சொல்லிப் பழகிக்கொண்டோம்.

இடையில் ஒரு வார்த்தை. மணிக்கு வருஷந்தோறும் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறோம். வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தில் எங்களில் ஒருவர் அந்த ஊசியைப் போட்டவர். பிள்ளைகள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அந்த ஊசி இல்லை, கையில் போடுகிற சில ஊசிகளே போதும். எந்த நாய் கடித்தாலும் புண்ணை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம்.

இனி முள்ளின் கதைக்கு வருகிறோம்.

எங்கள் இருவரில் சர்க்கரை வியாதி யாருக்கு என்பது இங்கே இருக்கிற உங்களுக்குச் செருப்பைப் பார்த்தாலே தெரியும். பதினெட்டு வருஷ வியாதி. ஆயிரம் பேருக்குச் சர்க்கரை அளவு பார்த்துச் சொன்ன கை, தன்னுடைய காலைக் குனிந்து பார்க்கவில்லை. நர்ஸான மற்றவரும் ஊரார் காலையெல்லாம் பார்த்தாரே தவிர வீட்டுக் காலைப் பார்க்கவில்லை. இதில் பாதிப் பாதிக் குற்றம் என்று நாங்கள் தீர்த்துக்கொண்டோம்.

ஒரு கார்த்திகை மாதம். ஏரியில் முக்கால்வாசித் தண்ணீர். மணி வழக்கமாக எங்களுக்கு இருபது அடி முன்னால் ஓடுகிறவன். அந்த வாரம் பின்னாலேயே வந்தான். இடது காலை முகர்ந்துகொண்டே வந்தான். "சும்மா இரு, போ" என்று அதட்டினோம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வீட்டில் கழற்றிப் போட்ட செருப்பை விட்டு நகரவில்லை, அதையே நக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் செருப்பைத் திருப்பிப் பார்த்தோம். சீமைக் கருவேல முள் ஒன்று அடியிலிருந்து மேலே ஏறி நின்றது. காலைத் திருப்பிப் பார்த்தோம். சுண்டுவிரலுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. அத்தனை நாளும் அந்தக் கால் வலிக்கவே இல்லை.

நர்ஸம்மா நைலான் இழையைக் கொண்டுவந்து, "கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடும்போது சொல்லுங்கள்" என்றார். ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, "இன்னும் தொடவில்லையா?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். பத்து இடத்தில் தொட்டுமுடித்திருந்தார்.

லூக்கா சுவிசேஷத்து லாசருவின் புண்களை நாய்கள் நக்கியதை நாம் வாசித்திருக்கிறோம். அதைக் கொண்டு நாய் நக்கினால் புண் ஆறும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆறாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதனால் ஆபத்தே வரலாம். மணி செய்த உதவி முகர்ந்து காட்டியது, அவ்வளவுதான்.

நமது ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தோம். கிடந்தவர் ஒருவர், ஆனால் கிடந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பியது. இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் கணுக்காலுக்கு மேலேதான் பேச்சு என்று சர்ஜன் ஐயா சொன்னார்.

அந்தப் படுக்கையில் டாக்டர் பால் பிராண்டை அடிக்கடி நினைத்துக்கொண்டோம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களுக்காக உழைத்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் ஏற்படுகிற காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டியவர். ஒரு முறை லண்டனில் பிரயாணக் களைப்போடு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் வியாதி வந்துவிட்டது என்று இரவெல்லாம் கலங்கிக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீர் என்று வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்ததுதான் காரியம். அந்த வலிக்காக அவர் எவ்வளவு நன்றி சொன்னார் என்பதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு அதை நல்ல பிரசங்க உதாரணம் என்று கேட்டோம். இப்போது, அந்தக் காலை எங்களுக்கு வராது என்று தெரிந்துகொண்டு கேட்கிறோம். எங்கள் இடது கால் இனி வலிக்கப்போவதில்லை. வலது கால் கொஞ்சம் வலிக்கிறது. அதற்கு ஸ்தோத்திரம்.

அந்த ஆறு வாரமும் மணிக்கு நடை நிற்கவில்லை. நடக்க முடிந்தவர் விடியற்காலையில் அவனை ஏரிக்குக் கூட்டிப்போய்விட்டு, எட்டு மணிக்கு வார்டுக்கு வந்து கண்டதைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் சொன்னது, "தண்ணீர் இருக்கிறது, மணி நடந்தான்." அது போதாது என்று படுத்திருந்தவர் கோபித்துக்கொண்டார். அதன்பின் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதற்காகவே பார்க்க வேண்டியதாயிற்று. நீர்க்காகம் மரக்கிளையில் சிறகை விரித்துக் காயவைத்தது. முக்குளிப்பான் முங்கிய இடம் ஒன்று, எழும்பிய இடம் ஒன்று, மணி இரண்டுக்கும் நடுவே குழம்பி நின்றான். மலை உச்சியில் மேகம் தலைப்பாகை கட்டியிருந்தது. கடலூரில் பல வருஷம் நடந்தும் இவ்வளவு கவனமாக நாங்கள் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் வேர்க்கடலை பறிக்கப் போகிற ஓர் அம்மா இருந்தார். அவருக்கும் காலில் புண், அவருக்கும் சர்க்கரை. வெறுங்காலோடு கிரிவலம் 14 கிலோமீட்டரும் சுற்றி வந்த கால். எதிர்க்கட்டிலில் ஒரு லாரி டிரைவர், முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று, யாரோடும் பேசமாட்டார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மழையினால் நடை தாமதமாகி ஒன்பதரைக்கு வந்தபோது, அந்த டிரைவர்தான் முதலில் கேட்டார், "என்னம்மா, இன்னிக்கு ஏரியில என்ன விசேஷம்? நாய் வந்துச்சா?" அன்றிலிருந்து ஏரிச் செய்தி வார்டு முழுவதற்குமானது.

அந்த அம்மாவுக்கும் டிரைவருக்கும் ஆன செலவில் பெரும்பங்கு உங்கள் காணிக்கையிலிருந்து போனது என்று பிறகு அறிந்தோம். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள், அதைத்தான் இப்போது நாங்களும் போட்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கும் அதுதான் கொடுத்தார்கள். கொடுத்த அன்று, "இவ்ளோ மெத்துனு இருக்கே, இத போட்டுக்கிட்டு கொல்லையில எறங்கறதா?" என்று மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். இறங்கத்தான் வேண்டும், வீட்டுக்குள்ளும் போட வேண்டும், ராத்திரி காலையும் செருப்பையும் விளக்கில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா மூன்று தரம் சொன்னார்.

சுனாமிக்குப் பின் எங்களுக்கு வராமல்போன அந்த ஸ்தோத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டால், அந்த நாளுக்காக இன்னும் வரவில்லை. வரும் என்று நாங்கள் நடிப்பதும் இல்லை. ஆனால் ஒன்று செய்தோம். ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் அந்த வார்டில் இருந்த ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

போன மாதம் ஏரிக்கரையில் ஒரு குரல், "மணீ!" என்று. வேர்க்கடலை அம்மா. தலையில் புல்லுக்கட்டு, காலில் அந்தச் செருப்பு, வாரில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. எங்களை அப்புறம்தான் பார்த்தார். மணியை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை, ஒரு காது கறுப்பு என்று நாங்கள் சொன்னதை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். மடியை அவிழ்த்து அவனுக்கு ஒரு பிடி வேர்க்கடலை போட்டார். அவன் தோலோடு தின்றான்.